அம்மாவுக்கு உடம்பு தேற்றிய கதை

செஞ்சி
9-8-1967

அன்புள்ள மகன் தோமினிக்குக்கு நைனா எழுதுவது. தேவமாதா துணையால் நீயும் மருமகள் பாக்கியமும் கல்கத்தாவில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை கை வரவில்லை. உன் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். தந்தி கொடுத்தால் பதறுவாய் என்று கடிதமாக எழுதுகிறேன். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன், சாயங்கால பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

போன வருஷம் மாசியில் அம்மாவுக்கு வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்து இரைப்பையில் பாதியை எடுத்தது உனக்குத் தெரியும். அப்போது டாக்டரம்மா சொன்னதை நான் உனக்குச் சரியாக எழுதவில்லை. இனி சாப்பாடு குறையும், உடம்பு இளைக்கும், இளைத்தால் சர்க்கரையும் இறங்கும், காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கிறது, அதுவும் மேலே ஏறாமல் நிற்கும், தினம் நடக்கட்டும் என்றார்கள். அப்படியேதான் ஆயிற்று. ஐந்தாறு மாசத்தில் பாதி ஆளானாள். கடைத்தெரு தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இழுக்கிறது என்று மூன்று இடத்தில் நிற்கிறவள் சிங்கவரம் வரைக்கும் நடந்து உன் சித்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல மருந்தில் சிறுநீரை விட்டுக் காய்ச்சினால் முன்பெல்லாம் சர்க்கரை மிஞ்சிச் செங்கல் நிறமாகும், இப்போது சர்க்கரை இல்லாமல் நீலமாகவே நின்றது. நான் அதையா பார்த்தேன், அவள் கழுத்தெலும்பையும் தொளதொளத்த ரவிக்கையையும்தான் பார்த்தேன்.

போன மாதா திருநாளில் வல்லத்து மதலைமுத்து எல்லார் முன்னாலும், இன்னா மாமா, அத்தைக்குச் சோறு போடறதில்லியா என்று சிரித்தான். எனக்கு மானமே போயிற்று. நீயும் கடிதத்துக்குக் கடிதம் அம்மா உடம்பு தேறிவிட்டாளா என்று கேட்டிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நம் பக்கத்தில் வேறு எப்படிக் கேட்பது. தேறுவது என்றால் சதை போடுவது என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அன்றிலிருந்து வேர்க்கடலையும் வெல்லமும் இடித்து, நெய் விட்டு, வயிறு சின்னது என்பதால் கோலிக்குண்டு அளவு உருண்டை பிடித்து, மணிக்கு ஒன்றாக நானே ஊட்டினேன். அடுப்பங்கரைப் பக்கமே போகாத நான். கன்னம் திரண்டது. பார்த்தவர்கள் நல்லா தேறிட்டாங்க என்றார்கள், உனக்கும் பெருமையாக எழுதினேன். வைகாசியில் கால் மறுபடி இழுத்தது. ஆடி பிறந்ததும் கட்டைவிரல் ஓரத்தில் ஒரு கறுப்பு, செருப்புக் கடி என்று மஞ்சள் வைத்தேன். கறுப்பு பாதத்துக்கு ஏறிற்று.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவள் பெட்டியில் சேலை எடுத்தேன். அடியில் அந்த நீல மருந்து சீசா, முக்கால்வாசி தீர்ந்திருந்தது. எனக்குத் தெரியாமல் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்திருக்கிறாள், முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு செங்கல். தெரிந்தும் ஏன் சாப்பிட்டாய் என்று கத்திவிட்டேன். கட்டிக்கினு வந்து முப்பத்தெட்டு வருசத்துல நீங்க ஒரு வாய் ஊட்னதில்ல, வேணாம்னு எப்டி சொல்றது என்றாள். தோமினிக், இப்போது ஆஸ்பத்திரியில் கஞ்சி மட்டும்தான். நான் கரண்டியை எடுத்தால் இன்னும் வாயைத் திறக்கிறாள்.

போட்டோவில் நீயும் சதை போட்டிருக்கிறாய். ராசா மாதிரி இருக்கிறாய் என்று எழுத வந்தது, எழுதமாட்டேன். அங்கே டாக்டரிடம் ஒரு தரம் சர்க்கரை பார்த்துக்கொள், ஆபீசுக்கு நடந்து போ. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உங்கள் இரண்டு பேரையும் ஆண்டவர் நோய் நொடியில்லாமல் காப்பாற்ற வேண்டும் என்று தினம் செபமாலை சொல்கிறேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, நான் படித்துக் காட்டுகிறேன். அதில் உடம்பு தேறிட்டியா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு
உன் நைனா
ம. தேவசகாயம்