ஆடி முடியட்டும் என்றேன்

20-7-03, ஞாயிறு
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. மாவரைக்க கிரைண்டர் போட்டதும் மறுபடி ப்யூஸ் போயிற்று. இந்த வாரம் நாலாவது தடவை. மாமனார் காலத்து மரப்பலகை, பீங்கான் ப்யூஸ். அன்று வீட்டில் நாலு பல்பு. இன்று கிரைண்டர், மிக்சி, பிரிட்ஜ், மோட்டார். இவர் சலித்துப்போய், மெல்லிசுக் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டார். பழைய வயரை உரித்துக் கொடுத்தது நான். இனிமேல் போகாதாம். நிம்மதி.

மகள் அமுதா வந்து நாலு நாள். கல்யாணமாகி முதல் ஆடி, அழைத்து வந்தோம். தூங்குகிறாள், தின்கிறாள், மாமியார் கதை சொல்கிறாள். வீடு வீடாக இருக்கிறது.

22-7, செவ்வாய்
மோட்டார் பார்க்க மூக்கையா வந்தான். என்னிடம் நாலாங்கிளாஸ் படித்தவன், இப்போது அல்லிநகரத்தில் பேர்போன வயர்மேன். மெயின் போர்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பலகை பின்பக்கம் கருகியிருக்கிறதாம். உள்ளே துணி சுற்றிய வயர், எர்த் கிடையாது. தடித்த கம்பி அறவே அறாது, பலகைதான் எரியும் என்றான். நாளைக்கே மாற்றிவிடலாமாம். சுவரை உடைக்கணும், ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது, முடியட்டும் என்றேன்.

"கரண்டுக்கு ஆடி ஆவணி தெரியுமா டீச்சர்?"

வகுப்பில் வாயே திறக்காத பயல். சிரித்துவிட்டேன். அந்தக் கம்பியையாவது எடுக்கட்டுமா என்றான். எடுத்தால் கிரைண்டர் ஓடாதே. வேண்டாம் என்றேன்.

26-7, சனி
இன்று குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்புகிறோம். நல்லெண்ணெய், எள், கறுப்புத் துணி, காக்கைக்குச் சாதம். அமுதாவுக்காக ஒரு தீபம் கூடுதல். அவள் வரவில்லை, மாவரைத்து வைக்கிறாளாம்.

27-7, ஞாயிறு
நேற்று திரும்பி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டு ராசாத்தி ஓடிவந்து சொன்னாள். கிரைண்டர் ஓடும்போது கருகல் வாடை. அமுதா மெயினை அணைக்கப் போயிருக்கிறாள். பலகையிலிருந்து குப்பென்று தீ. வலது கை.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பையில் விபூதி. பூசவில்லை.

ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். சீ.

30-7, புதன்
டாக்டர் சொன்னது: புண் ஆறும், இரண்டு விரல் முழுசாக மடங்காது.

சம்பந்தியம்மா வந்தாக. அமுதாவின் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாக. திட்டியிருந்தால் தேவலை. போகும்போது ஒன்றே ஒன்று:

"நாங்க நல்லபடியாத்தான அனுப்பிவச்சோம்?"

இவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன். கம்பியைப் போட்டது தான் என்கிறார். எடுக்க வந்தவனைத் தடுத்தது நான். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

5-8, செவ்வாய்
வீட்டுக்கு வந்துவிட்டாள். சோறு ஊட்டினேன். எல்லாம் சொன்னேன், மூக்கையா கேட்டது, நான் வேண்டாம் என்றது.

"நல்லதுக்குத்தானம்மா சொன்ன. விடு."

விட முடியவில்லை.

18-8, திங்கள்
ஆவணி. சாரல் நின்று வெயில். மூக்கையா வந்தான். பழைய பலகையைக் கழற்றினான். ப்யூஸில் நான் கொடுத்த கம்பி அப்படியே இருந்தது, உருகவேயில்லை. புதுப் பெட்டி, எர்த், கோளாறு என்றால் தானாக விழும் சுவிட்ச். சுவரில் உடைத்தது ஒரு சாண். மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஒரு ஈடு மாவரைக்கிற நேரம்.

லைட்டைப் போட்டுப் பாரு தாயி என்றான் அமுதாவிடம். அவள் இடது கையை நீட்டினாள்.