சகாயம் வந்து போன பிறகு

வியாழன், இரவு

சாயங்காலம் சகாயம் வந்தான். எங்கள் ஃபுட்பால் கிளப் முதல் டிவிஷனிலிருந்து இறங்கவிருந்த வருஷம், கடைசி மேட்சில் நான் கோல்கீப்பர். எனக்கு முன்னால் டிஃபன்ஸில் நின்றவன் அவன். எதிரணி அடித்த பந்துகளையெல்லாம் உடம்பில் வாங்கி மேட்சை டிரா ஆக்கினான். கிளப் பிழைத்தது. பிறகு நான் கருங்கல் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் ஆனேன். அவன் கல்ஃபுக்குப் போய்த் திரும்பி, இப்போது இங்குள்ள கல்குவாரியின் முதலாளியோடு இருக்கிறான். அந்தக் குவாரிக்கு எதிராக நான் கொடுத்த மனு நாளை நாகர்கோவிலில் விசாரணைக்கு வருகிறது.

சாயா குடித்தான். பழைய ஆட்டத்தைப் பேசிச் சிரித்தான். பிறகு என் மகளிடம், "மக்களே, எந்த பஸ்ஸில ஸ்கூலுக்குப் போற?" என்று கேட்டான். அவளும் சொல்லிவிட்டாள்.

வாசலில் வைத்து, "ஏலே, மிரட்டவா வந்த?" என்றேன்.

"முதலாளி வேற ஆளை அனுப்பப் பாத்தாரு. நான்தான் போறேன்னு வந்தேன். நாளைக்குப் போவாத மக்கா. பிள்ளையை பஸ்ஸிலயும் விடாத. இதுக்கு மேல என்னால தடுக்க முடியாது."

அவன் பயந்து இன்றுதான் பார்க்கிறேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. மகளை பஸ்ஸில் விடாமல், கூடவே கூட்டிக்கொண்டு விசாரணைக்குப் போவதென்று முடிவு செய்தேன். அதை அவனிடம் மட்டும் சொல்லலாமென்று சற்று முன் போன் செய்தேன். எடுத்தது அவன் இல்லை.

"சொல்லுங்க சார்," என்றது தெரியாத குரல். "நாளைக்கு வருவீங்கதானே?"

சகாயம் எங்கே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள்.