தேனீப் பெட்டியின் வாசலில் கோலம்

1968, ஆவணி, வெள்ளிக்கிழமை. அரியக்குடி.

காலையில் தேனீப் பெட்டியைத் திறந்தால் தேனடை முழுக்க எறும்பு. ஈக்களின் புழுவைத் தூக்கிக்கொண்டு வரிசையாக இறங்கின. ஈக்கள் பாதி வெளியே வந்து மூடியில் கொத்தாகத் தொங்கின. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கூட்டையே விட்டுப் போயிருக்கும்.

பெட்டிக்குப் புதுசாகக் குடிவந்த ஈக்களின் வாசல் வெறுமனே கிடக்கக் கூடாதென்று, என் வீட்டுக்காரி அமிர்தம் பெட்டிக்கு முன்னால் பச்சரிசி மாவில் கோலம் போட்டிருந்தாள். ஒரு வளைவு பெட்டிக் காலுக்கு வைத்த கிண்ணத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது; மாவுக்கு வந்த எறும்பு அந்த வழியாகத்தான் ஏறியிருந்தது. அவள் ஊருணிக்குப் போயிருந்த நேரம். எறும்பைத் தட்டிவிட்டு, கோலத்தையும் கழுவிவிட்டேன்.

குடத்தோடு வந்தவள் பதறிப்போனாள். "ஏங்க, ஈயெல்லாம் போயிருமா?"

"காலுக்கு வச்ச கிண்ணத்துல தண்ணி வத்திப்போச்சு. அதான் எறும்பு ஏறிருச்சு. நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றேன். அதுவும் உண்மைதான். ஈரத் தரையைப் பார்த்தாள். குடத்தை இறக்கிக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினாள்.

பொழுது சாயும்போது ஈக்கள் உள்ளே அடங்கிவிட்டன. நாளைக்கும் இருக்குமா, தெரியவில்லை.

இப்போது பாயை விரித்துக்கொண்டே சொல்கிறாள்: "இனிமே கல்லுமாவுல போடுறேன். அத எறும்பு திங்காது. நீங்க தெனமும் கழுவிக்கிட்டா இருப்பீக?"

விளக்கை அணைக்க வருகிறாள்.