லூர்துவின் ஆட்டுக்குட்டி ஓடிப்போகும்

என் அருமை லூர்து,

நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன. முதலில் ஊர்ச்செய்தி. நிலாவில் மனிதன் இறங்கிவிட்டான். ரேடியோவில் அதைச் சொன்னபோது உன் அண்ணன் எழுந்து நின்று கேட்டார். மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை, "அங்க இருந்த முயலு என்ன ஆச்சு டீச்சர்?" என்று கேட்டது. நான் திருதிருவென்று விழித்தேன். நீயாக இருந்தால், "பூட்ஸ் சத்தம் கேட்டு ஓடி ஒளிஞ்சிருக்கும்" என்று சொல்லிச் சமாளித்திருப்பாய்.

நம் ஊரை ஒட்டி மூக்கண்டப்பள்ளிப் பக்கம் பாக்டரிகள் வரப்போகின்றன என்று பேச்சு அடிபடுகிறது. நிஜமாகவே வந்தால், உன்னைப்போல விடியுமுன் எழுந்து பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டிய பெண்கள் குறைவார்கள். நீ ஓடிய ஓட்டத்துக்கு அது கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

இந்தக் கடிதத்தை நம் மாதா கோயில் மாத இதழான பங்கு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். காரணம் உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

லூர்து என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெங்களூரில் ரேடியோ பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், செக்கிங் பிரிவில் வேலை. ஒவ்வொரு பாகத்துக்கும் கரண்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். தேறாததன் தலையில் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளிவிட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவளும் நானும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னோம். எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் வருவார்கள். கதைக்கு வந்தார்களா, கடைசியில் கொடுக்கும் பொரிக்கு வந்தார்களா என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். என்னிடம் இருந்தவை பழைய நீதிக்கதைப் புத்தகங்கள். நீ பெங்களூர் பிளாட்பாரத்திலிருந்து புதுப் படக்கதைகளை வாங்கி வருவாய். எந்தக் கதையைச் சொல்வது என்று வெள்ளிக்கிழமை சமையலறையில் நமக்குள் பஞ்சாயத்து நடக்கும். கம்பெனியில் வீணான சிவப்புச் சீட்டுகளைப் பையில் போட்டு எடுத்து வந்திருப்பாய். "கரண்ட் குடுத்துப் பார்த்தேன் அண்ணி, புகை வருது" என்று சொல்லிக்கொண்டே என் புத்தகத்தில் ஒட்டுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உன் சோதனை ஒன்றே ஒன்றுதான். கதையைக் கேட்ட பிள்ளை நாளைக்கு அதையே செய்தால் என்ன ஆகும்? அவ்வளவுதான். நரியிடம் பொய் சொல்லித் தப்பிய கோழியின் கதையை நான் வேண்டாம் என்றேன். பொய் சொல்லலாம் என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று பயம். "நரிகிட்ட உண்மை பேசி என்ன ஆகப்போவுது அண்ணி? குழம்புதான் ஆகும்" என்று நீ பாஸ் போட்டாய். சிவப்பான தங்கை நல்லவள், கறுப்பான அக்கா கெட்டவள் என்று ஒரு கதை என் புத்தகத்தில் இருந்தது. பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நீ உன் கறுத்த கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். அதில் சீட்டை நானே ஒட்டினேன்.

புதுக்கதை என்பதற்காக நீ சலுகை காட்டியதும் இல்லை. பல் தேய்க்காத முதலையின் கதையை வழவழ தாளில், பத்துக் கலரில் போட்டிருந்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "இது கதை இல்ல அண்ணி, பல்பொடி விளம்பரம்" என்று தூக்கிப் போட்டாய். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

சண்டை முற்றியது ஆட்டுக்குட்டியால்தான். ஒரு தாய் ஆடு, மேயப் போகுமுன் குட்டியை ஆற்று நடுவே ஒரு பாறைமேல் நிறுத்தி, நான் வரும்வரை இங்கிருந்து நகராதே என்று சொல்லிவிட்டுப் போகும். ஆற்றில் வெள்ளம் வரும். வாத்து கூப்பிடும், எருமை கூப்பிடும். அம்மா சொல்லைத் தட்டமாட்டேன் என்று குட்டி நின்றுகொண்டே இருக்கும். தண்ணீர் தலைக்கு மேலே போய்விடும். அதன் கீழ்ப்படிதலை மெச்சிக் கடவுள் அதை நட்சத்திரமாக்கி வானத்தில் வைப்பார். அந்த இடம் வரும்போதெல்லாம் குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன். நாற்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாரடிக்கும் டீச்சருக்குக் கீழ்ப்படிதல் கதையைவிட இனிப்பு வேறு என்ன இருக்கிறது?

"நட்சத்திரம் ஆயிடுச்சின்னா செத்துப்போச்சின்னுதானே அண்ணி அர்த்தம்?" என்று நீ கேட்டாய். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கூடத்தில் இருந்த கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பிரித்தால், ஆட்டுக்குட்டியின் தலையில் சிவப்புச் சீட்டு. வாசலில் நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சீட்டைக் கிழித்தேன். "ஒண்ண பெத்து வளர்த்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்டிக்கட்டைக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது" என்றேன்.

கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அன்று மத்தியானம் நீ வைத்த ரசத்தில் உப்புக்கூடச் சரியாகத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அதன் பிறகு கூடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். பெரிய பிள்ளைகள் எனக்கு, சின்னவர்கள் உனக்கு. வெள்ளிக்கிழமைப் பஞ்சாயத்து நின்றுபோயிற்று. பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். கஞ்சி வேண்டுமா, மருந்து குடித்தாயா, புரண்டு படுக்கிறாயா என்றெல்லாம் கேட்டேன். அன்றைக்குச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்ற ஒன்றைத்தான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன் லூர்து. உனக்கு நாள் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீ போன பிறகு எல்லாப் பிள்ளைகளும் என்னிடமே வந்தார்கள். நாகியை உனக்கு ஞாபகம் இருக்கும். பேரிகை கிராமத்திலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த வெங்கடசாமியின் பெண், எட்டு வயது, தெலுங்கும் தமிழும் கலந்து பொரிந்து தள்ளுவாளே, அவள். ஐப்பசி பிறந்ததும் நான் ஆட்டுக்குட்டிக் கதையை எடுத்தேன், பழைய முடிவோடுதான். இதனால் அறியும் நீதி என்ன என்று கேட்டதற்கு நாகி எழுந்து, "அம்மா சொன்ன எடத்துலயே இருக்கணும் டீச்சர், இன்னா ஆனாலும் நவுரக்கூடாது" என்று கடகடவென்று ஒப்பித்தாள். மெச்சிப்போய் அவளுக்கு ஒரு முழுப் பலப்பம் பரிசு கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து அந்த மழை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். மத்தியானம் நாகியின் அம்மா தலைவிரிகோலமாக நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சரம்மா, பாப்பா இங்க வந்துச்சா?" என்றாள். சூளைக்கு மண் எடுக்கும் பள்ளத்தில், பாதி இறக்கத்தில் ஒரு திட்டு இருக்கிறது. மேலே தார்ப்பாய் கட்டி, நாகியையும் ஒரு வயதுத் தம்பியையும் அதில் உட்காரவைத்துவிட்டு, புருஷனும் பெண்சாதியும் இன்னும் சுடாத பச்சைக்கல்லை மழைக்கு மூடப் போயிருக்கிறார்கள். மழையோடு மழையாக ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்த தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது.

"நான் வர்ற வரிக்கும் நவுரக்கூடாதுன்னு சொல்லிட்டு வந்தேன்மா. அது சொன்னா சொன்னபடி குந்தினு இருக்கும்மா" என்று அவள் சொன்னபோது நான் என் கையைப் பார்த்தேன். பலப்பம் கொடுத்த கை இது.

உன் அண்ணன் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். பள்ளம் இருந்த இடம் செம்மண் குளமாகக் கிடந்தது. திட்டு எங்கே என்றே தெரியவில்லை. தார்ப்பாயின் ஒரு முனை மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. வெங்கடசாமி மூழ்குவதும் எழுவதுமாக இருந்தான். எழும்போதெல்லாம் மகளைக் கூப்பிட்டான். நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் வரவில்லை. லூர்து, அந்தச் சீட்டை நான் ஏன் கிழித்தேன் என்பதைத் தவிர என் மனதில் ஒன்றுமே ஓடவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கோயில் மணி அடிக்கும் அந்தோணி குடையோடு வந்து, "டீச்சரே, நம்ம கூடத்துல ரெண்டு புள்ளைங்க வந்து குந்திக்கினு கீது, யாருதுன்னு பாருங்க" என்றார்.

நாகி நம் ஜமக்காளத்தைத் தம்பிக்குச் சுற்றிவிட்டு, தான் ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். நீ கதை சொல்லும் மூலையில்தான். தம்பி பொரி டப்பாவைத் திறந்து பாதியைத் தின்று முடித்திருந்தான். முக்கால் மைல், லூர்து. அந்த மழையில் அவனை இடுப்பில் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

வெங்கடசாமி உள்ளே வந்த வேகத்தில் கையை ஓங்கினான். "நவுராதன்னு சொன்னோமா இல்லியாடி?" அடி விழவில்லை. ஓங்கிய கை அப்படியே அவள் தலையில் இறங்கியது. அவன் அங்கேயே உட்கார்ந்து விசித்து விசித்து அழுதான்.

"தண்ணி வந்துச்சி நாய்னா, அதான்" என்றாள் நாகி.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கதையில குட்டி நகராம நிக்குமே நாகி?" என்றேன்.

"அது உங்க குட்டி டீச்சர். லூர்துக்கா குட்டி ஓடிப்பூடும். மேட்டு மேல ஏறி நின்னுக்கினு, அம்மா வந்தா மே மேன்னு கூப்புடும். நீ நவுராதன்னு சொன்னது நான் பத்திரமா இருக்கத்தானேம்மான்னு கேக்கும். அம்மா ஆடு நக்கி நக்கிக் குடுக்கும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட நகரக்கூடாதுன்னு சொன்னே?"

நாகி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "டீச்சர் கேட்டா டீச்சர் குட்டியச் சொல்லுங்க, பலப்பம் கெடைக்கும், நெசமா தண்ணி வந்தா என் குட்டிய நெனச்சிக்குங்கன்னு லூர்துக்கா சொல்லிச்சி."

நான் சிரித்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தேன். அடிப்பாவி, இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் இந்த வேலையா பார்த்தாய்? என்னிடம் என் பதிலைச் சொல்லச் சொல்லி, உன் பதிலைப் பிள்ளைகளின் மடியில் முடிந்து அனுப்பியிருக்கிறாய். எத்தனை பலப்பத்தை ஏமாந்து கொடுத்திருப்பேன்?

அன்று வீட்டுக்கு வந்ததும் ஈரப்புடவையைக்கூட மாற்றாமல் உன் பெட்டியைத் திறந்தேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் சிவப்புச் சீட்டுக் கட்டு அப்படியே இருந்தது. நான் கிழித்த துண்டுகளும் அதோடு ரப்பர் போட்டு வைத்திருந்தாய். கோபத்தில் வைத்தாயா, என்றைக்காவது காட்டிச் சிரிக்கலாம் என்று வைத்தாயா? சோற்றுப் பருக்கையைத் தடவி, அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஆட்டுக்குட்டியின் தலையில் ஒட்டினேன். கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, நாம் சொன்ன கதைகளை எழுதிவைத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். அன்று கோயில் வாசலில் நான் சொன்ன வார்த்தையை அதற்குக் கீழே எழுதிவைத்திருக்கிறேன்.

நாலு பேர் முன்னால் உன்னைச் சொன்னேன். அதனால்தான் நாலு பேர் படிக்கும் இடத்தில் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு லூர்து. பெற்றவளுக்குத்தான் புரியும் என்று சொன்னேனே, அன்றைக்கு இரண்டு பிள்ளை பெற்ற எனக்குப் புரியாதது உனக்குப் புரிந்திருந்தது. இதை எழுதும்போது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குகிறது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நேற்று நன்றாகத் தூங்கினேன்.

போன சனிக்கிழமை கூடத்தில் ஆட்டுக்குட்டிக் கதையை மறுபடி சொன்னேன். குட்டி பாறையிலிருந்து குதித்ததும் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மேட்டில் ஏற்றி நிறுத்தி, மே மே என்று கத்தவும் வைத்தேன். உன் அளவுக்குக் குரல் வரவில்லை. கதை முடிந்ததும் பழக்க தோஷம், இதனால் அறியும் நீதி என்ன என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

நாகி எழுந்து நின்றாள். ரொம்ப ஜாக்கிரதையாக என்னைக் கேட்டாள். "எந்தக் குட்டிக்கு டீச்சர்? உங்க குட்டிக்கா, லூர்துக்கா குட்டிக்கா?"

இனிமேல் ஒரே குட்டிதான் என்று சொல்லிவிட்டேன் லூர்து. நான் இருக்கும்வரை இந்தக் கூடத்தில் அது ஓடிப்போகும், அம்மா தேடி வருவாள், இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் குட்டியைத் தன் குட்டியாக்கிக்கொண்ட,
உன் அண்ணி
ஜெயசீலி