குதிரைக்குக் கேட்ட தைலம்

ஒஹாயோ
நவம்பர் 3

அன்புள்ள ஏடா அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் நறுக்கி ஜாடியில் அடைத்துவிட்டேன்.

நீங்கள் இந்தியானாவுக்குத் திரும்பி ஐந்து வாரம் ஆகிறது. அப்பா இன்னும் நடக்கவில்லை. தொழுவப் படியில் விழுந்து உடைந்த இடுப்புக்குப் புதுப் பந்து வைத்தாயிற்று, ஆறு வாரத்தில் கைத்தடியே போதும் என்றார்கள். ஆனால் காலை ஊன்றியதும் முகம் வெளுத்துப்போகிறது. சத்தம் போடமாட்டார், உங்களுக்குத் தெரியுமே. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சோளம் வெட்டியாச்சாம்மா?" என்று கேட்பார். சோளம் வெட்டி ஒரு மாதமாகிறது.

என்ன செய்வதென்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
சலோமா

~

இந்தியானா
நவம்பர் 12

அன்புள்ள சலோமா,

வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம், முந்நூறு பேருக்குச் சமையல், மூச்சுவிட நேரமில்லை.

நீ அப்பாவுக்கு இடம் கொடுக்கிறாய். உனக்குப் பதினாறு வயது, ஒரு வார்த்தை கேட்டால் அழுகிற சுபாவம். என் சித்தியான உன் அம்மா உயிரோடிருந்தால் அவரை என்றைக்கோ நடக்க வைத்திருப்பாள். காலையில் பத்து நடை, மாலையில் பத்து நடை, வாசல்வரை. முகம் வெளுத்தால் நீ வேறு பக்கம் பார்.

நம் சபை மக்கள் எல்லா ஊரிலும் வாசிக்கும் வாரப் பத்திரிகைக்கு எங்கள் ஊர்ச் சேதி எழுதும்போது அப்பாவைப் பற்றியும் எழுதினேன். "என் தகப்பனார் யோனாஸ் ட்ராயர் நன்றாக நடந்து வருகிறார். எழுபத்து நான்கு வயதுவரை ஒருநாளும் மூட்டு வலி அறியாதவர்" என்று. நறுக்கு இணைத்திருக்கிறேன். அவருக்கு வாசித்துக் காட்டு, தெம்பு வரும்.

அன்புடன்,
ஏடா

~

ஒஹாயோ
டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். காலையில் பத்து, மாலையில் பத்து. பதினோரு நாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நடக்க வைத்தேன். பக்கத்துப் பண்ணை மெல்வின் வந்து, "என்ன யோனாஸ், பேப்பர்ல நடக்குறே, இங்க உக்காந்திருக்கே?" என்றார். அப்பா சிரித்தார். "பேப்பர்ல நடக்குறவன் வேற ஆளுடா. அவனுக்கு வயசு கம்மி."

பன்னிரண்டாம் நாள் மெல்வினின் மகன் லீவை அண்ணன் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இடுப்பு மூட்டுன்னா ஒரு பந்து, ஒரு கிண்ணம். உடைஞ்ச பந்தை மட்டும் மாத்தினோம். கிண்ணத்துல இருக்கிற குருத்தெலும்பு நல்லாயிருக்குன்னு நம்பி அதைத் தொடலை. ஆனா அது விழுறதுக்கு முன்னாடியே தேய்ஞ்சிருக்கு. இப்ப இரும்புப் பந்து வெறும் எலும்பை அரைக்குது. முன்னாடி வலி இருந்துச்சான்னு அன்னைக்கே கேட்டேனேம்மா? இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா கிண்ணத்தையும் சேத்து மாத்தியிருப்போம்."

ஆபரேஷனுக்கு முன் அப்பா மருந்து மயக்கத்தில் இருந்தார். டாக்டர் கேட்டபோது, மூத்தவர் என்று நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். "எங்கப்பா ஒருநாளும் வலின்னு சொன்னதில்லை." நான் ஜன்னலருகே நின்றேன். மூன்று வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இடுப்பில் தைலம் தேய்த்தவள் நான். "யார்கிட்டயும் சொல்லாதே, முனகுறது நம்ம வழக்கமில்லை" என்பார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவதும் நம் வழக்கமில்லை. வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினோரு நாள் வலியும் என்னால்தான்.

இன்னும் வழி இருக்கிறது. ஜனவரி எட்டாம் தேதி கிண்ணத்தையும் மாற்றுகிறேன் என்கிறார் டாக்டர். செலவை ஏற்கச் சபையில் சம்மதித்துவிட்டார்கள். அப்பாதான் மறுக்கிறார். "மூட்டு வலி அறியாதவன்னு ஏடா அச்சுல போட்டுட்டாளே. எம் பொண்ணைப் பொய்க்காரியாக்கவா?"

ஒரே ஒரு வரி அவருக்கு எழுதுங்கள் அக்கா. "நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்" என்று. நீங்கள் சொன்னால் போவார்.

சலோமா

~

இந்தியானா
டிசம்பர் 17

சலோமா,

திருமணம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் வராதது குறைதான்.

டாக்டர்கள் தங்கள் தவறுக்கு யாரையாவது கைகாட்டுவார்கள். அச்சில் வந்ததைத் திருப்பி எழுதினால் நாலு ஊர் பேசும். புதிதாகத் திருமணமான பெண்ணின் தாய் நான். எட்டாம் வகுப்பு முடித்த பிறகு வீட்டைத் தவிர எதையும் பார்க்காத உனக்கு இது புரியாது.

தைலம் என்கிறாய். அதை நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். குதிரைக்கு என்றுதானே அப்பா கேட்டார்? அவர் தேய்த்துக்கொள்வது எனக்கு எப்படித் தெரியும்? வலி இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பொறுமையாக இரு. நடக்க வை.

ஏடா

~

ஒஹாயோ
ஜனவரி 24

ஏடா அக்காவுக்கு,

எட்டாம் தேதி போய்விட்டது. அன்று மதியம்வரை அப்பா தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களிடமிருந்து வந்த உறையில் வசந்தகால விதைப் பட்டியல் மட்டுமே இருந்தது. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, அப்பா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி மயக்க மருந்தை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி நாற்காலியும் கட்டிலும்தான். தூக்கி மாற்ற லீவை அண்ணன் வருகிறார்.

குதிரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பாவால் வண்டியில் ஏற முடியாமல் போனதால் நம் ஒரே குதிரை டாலியை விற்று இரண்டு கோடைகாலம் ஆகிறது. விற்ற அன்று நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். வாங்கியவரிடம் கடிவாளத்தைக் கொடுத்ததே நீங்கள்தான். அதற்குப் பிறகும் தைலம் வந்தது. ஐந்து டப்பா. கடைசிப் பொட்டலத்தில் "படுக்கும் முன் சூடாக்கித் தேய்க்கவும்" என்று எழுதியிருந்தீர்கள். குதிரை எப்போது படுக்கப் போகிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சேதி எழுதுவது மெல்வினின் மனைவி. நேற்று அவர் வீட்டுக்கு நடந்து போய் ஒரு தாளைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நெசமாவே போடணுமா கண்ணு?" என்றார். தலையாட்டினேன். இதுதான் அது:

"யோனாஸ் ட்ராயர் நடக்கவில்லை, இனி நடக்கமாட்டார். விழுவதற்கு முன்பே அவருக்கு இடுப்பில் வலி இருந்தது. அது அவருடைய இரண்டு பெண்களுக்கும் தெரியும். இருவருமே டாக்டரிடம் சொல்லவில்லை."

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கும் வரும். அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டமாட்டேன்.

தைலம் அனுப்ப வேண்டாம்.

சலோமா ட்ராயர்