மாமாவின் குளிர் வைத்தியம்

மார்ச் 11, செவ்வாய். மழை.

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னித்துக்கொள், மகளே. நீ பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாய். எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் அப்பா சுதனின் அப்பாவுக்கு, என் மாமாவுக்கு, இன்று சிகிச்சை முடிந்தது. புரோஸ்டேட்டில் புற்றுநோய், வெளியே பரவவில்லை. வெட்டவில்லை. கீழ்ப்பக்கத் தோல் வழியாக மெல்லிய ஊசிகளை விட்டு, நோய் உள்ள இடத்தை உறைய வைத்தார்கள். சிறுநீர் போகும் சலக்குழாய் உறையாதிருக்க அதற்குள் வெந்நீர் ஓட்டம். காலை போய்ப் பின்னேரம் வீடு. சலம் வடிய ஒரு குழாய், தொடையில் சலப்பை.

போகும்போது காரில் மாமா: "நான் என்ன மீனே, பிள்ளை, ஐஸிலை வைக்கிறதுக்கு?" சுதன் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்தார்.

வரும்போது நேர்ஸ் சொன்னது: அப்பாவுக்கு வந்தால் மகன்மாருக்கும் வரக்கூடும், ஐம்பதை நெருங்கினால் டொக்டரோடு பேசுங்கள். மாமிக்குத் தமிழில் சொன்னேன். சுதனுக்கு இன்னும் வயதிருக்கிறது. பாரிசில் இருக்கும் அவருடைய அண்ணா, பெரியத்தானுக்கு நாற்பத்தொன்பது.

மாமி: "ஆரும் கேட்டா ஹேர்னியா எண்டு சொல்லு. பாரிசுக்கும் அதுதான். விளங்குதோ?"

விளங்குகிறது. ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 13, வியாழன். வெயில், ஆனால் குளிர்.

வாங்க: நாப்பி, பரசிட்டமோல், உள்ளிப்பூண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி, மறக்கக்கூடாது.

வீடு முழுக்கப் பத்தியக் கறி மணம். எனக்குப் பிள்ளை பிறந்தபோது மாமி காய்ச்சிய அதே மிளகும் மல்லியும் அரைத்த சரக்குத்தூள். மாமி: "உடம்பு உள்ளுக்கை குளிர்ந்துபோச்சு. சூடு குடுக்க வேணும்."

மாமா ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். "எப்பிடிப் பிள்ளை இதைத் திண்டனி?"

"கண்ணை மூடிக்கொண்டு, மாமா."

மார்ச் 22, சனி. காற்று.

குழாயை எடுத்துவிட்டார்கள். சலம் ஒழுகுகிறது. யாரும் சொல்லவில்லை. மாமா தன் சாரத்தைத் தானே குளியலறையில் துவைக்கும் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். கீழே வருவதில்லை. தண்ணீர் குடிப்பதில்லை, தேத்தண்ணிகூட வேண்டாமாம். நிறையக் குடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பயமாக இருந்தது. காய்ச்சல் வந்தால்? அடைத்தால்?

ஈரம் உறிஞ்ச நான் வைக்கும் பட்டிகளோடு ஆண்களுக்கானதையும் வாங்கி மேலே போனேன். பின்னால் மாமி. "மருமோள் மாமனோடை கதைக்கிற கதையே இது?"

"பின்னை ஆர் கதைக்கிறது மாமி? நீங்களும் இல்லை, உங்கடை மகனும் இல்லை."

பட்டிகளை மாமாவின் கட்டிலில் வைத்தேன். பிறகு சொன்னேன். "மாமா, பிள்ளை பிறந்தாப் பிறகு எனக்கும் இதுதான். தும்மினாக் காணும், ஒழுகிடும். மிட்வைஃப் ஒரு பயிற்சி காட்டித் தந்தவ. காத்தையும் சலத்தையும் ஒண்டா அடக்கிற மாதிரி உள்ளுக்கை இறுக்கோணும். கொஞ்சம் பிடிச்சிட்டு விடோணும்."

மாமா யன்னலையே பார்த்தபடி. அழுதுவிடுவேன் போலிருந்தது. திரும்பினேன்.

"இப்ப செய்துகொண்டுதான் இருக்கிறன். முகத்திலை தெரியுதோ?"

பிறகு: "தேத்தண்ணி ஒண்டு போடு, பிள்ளை."

மார்ச் 26, புதன். மப்பு.

மாமா மூலைக்கடைக்கு நடந்து போனார். நான் தள்ளுவண்டியோடு கூடவே. கடைக்காரர்: "ஐயா, ஹேர்னியா எப்பிடி?"

"ஹேர்னியா இல்லைத் தம்பி, கான்சர். இனி ரத்தம் பாக்கத்தான் போச்சுதோ இல்லையோ எண்டு தெரியும். சில வேளை திருப்பியும் செய்யோணுமாம். மரக்கறி புதுசே?"

கேள்விப்பட்டு மாமி இரவு சாப்பிடவில்லை. பாரிஸ் விஷயத்தில் மட்டும் அசையமாட்டார். "அவன் கடையோடை அலையிறான், பாவம். பயந்துபோவான்."

பயப்படட்டும். நானும்தான் பயப்படுகிறேன்.

பெரியத்தானுக்குச் சொல்லலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எனக்கு அவனோடை கதைக்க வாய் வராது. நீ எழுது." சுதனிடம் கேட்டேன். "அம்மாவோடை நீர்தான் கதைக்கோணும்" என்றார். கதைத்துக்கொள்கிறேன், விடிந்த பிறகு. இப்போது அனுப்பியது இது:

பெரியத்தான், அப்பாவுக்கு ஹேர்னியா இல்லை. புரோஸ்டேட்டிலை கான்சர், உறைய வைச்சிருக்கினம். இப்ப நடக்கிறார், பகிடி விடுறார். சொல்லவேண்டாம் எண்டவை, நான் சொல்லுறன். உங்களுக்கும் வரக்கூடும். டொக்டரிட்டைப் போய் ரத்தம் சோதியுங்கோ. ஏலாது, நேரமில்லை எண்டு சொல்லாதேங்கோ. எப்ப போறியள் எண்டு கெதியாப் பதில் போடுங்கோ.