கப்பல் துரை முதலில் போய்ச் சொன்னது

1915 மார்ச் 7, ஞாயிறு

திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு வந்தவர்கள்: நான், மருமகள் சாலோமி, அவள் அண்ணன் மாசிலாமணி, அவன் மகள் ஞானசௌந்தரி. சாலோமி பெற்ற என் பேரன் வேதமாணிக்கம் ஆப்பிரிக்காச் சண்டையிலிருந்து வந்து இறங்கினான். இடது கையைத் தூக்க வரவில்லை. ஞானசௌந்தரியை அவனுக்குத்தான் பேசி வைத்திருக்கிறது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

மார்ச் 9

பேசமாட்டேன் என்கிறான். கஞ்சி மட்டும் இறங்குகிறது.

மார்ச் 20

அவன் பட்டாளம் ஓடி வந்த பட்டாளமாம். மீன்காரி இசக்கித்தாய் என் முகத்துக்கு நேரே சொன்னாள். தாது வருஷப் பஞ்சத்தில் இவள் அம்மாவும் என்னைப் பழித்தவள்தான். மறக்கவில்லை.

ஏப்ரல் 2, பெரிய வெள்ளி

கோயிலிலிருந்து வரும் வழியில் வாய் திறந்தான்.

"ஆச்சி, கடல்ல கப்பல் துரை சொன்னதுதான் சட்டம். எங்க பட்டாளத் துரையும் அவர் வாயத்தான் பாத்துக்கிட்டு நின்னாரு."

எதிரியின் துறைமுகம் ஒன்றைப் பிடிக்கப் போனார்களாம். அந்தத் துறைமுகத்தாரோடு சுடுவதில்லை என்று முன்பே ஒரு பேச்சு இருந்ததாம். அது முறிந்தது என்று சொல்லாமல் அடிப்பது முறையல்ல என்று, கப்பல் துரை முதலில் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். எதிரியிடம்! பிறகு கடலுக்குள் வெடி கிடக்கிறதா என்று பைய பைய அரித்துப் பார்த்தார்களாம். அதற்குள் எதிரி ரயிலில் ஆள் கொண்டுவந்து குவித்துவிட்டான். இவர்கள் வாந்தியெடுத்த வயிற்றோடு சேற்றில் இறங்கினார்கள்.

"கல்யாணத்துக்குக் கோயில்ல ஓலை வாசிச்சு, ஆட்சேபணை உண்டான்னு கேப்பாவள்லா. சண்டைக்குமாலே ஓலை வாசிப்பான்?" என்றேன்.

சிரித்தான். வந்தபிறகு முதல் சிரிப்பு. "அவர் மேல கோவம் இல்ல ஆச்சி. குடுத்த வாக்கக் காப்பாத்துனாரு."

எனக்குத்தான் கோபம். நல்லவனாகவே இருக்கட்டும் — அவன் வாக்குக்கு என் பிள்ளை கையா?

ஏப்ரல் 11

வேதமாணிக்கத்துக்கும் ஞானசௌந்தரிக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. மாசிலாமணி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினான்.

ஏப்ரல் 18

இரண்டாம் ஓலை. ஆட்சேபணை உண்டா என்று பாதிரி ஐயர் கேட்டார். மாசிலாமணி எழுந்தான். பெண்ணைப் பெற்றவனே!

"ஓடி வந்தவனுக்கு எம்மவ கிடையாது."

தெருவைத் தாண்டினால் என் வாசல். முன்னாலே வந்து ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லப்படாதா? சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. சாலோமி முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

வேதமாணிக்கம் எழுந்தான். "ஓடுனேன் மாமா. குண்டு மழையா வந்துச்சு, ஓடுனோம். நீங்களா இருந்தா கப்பல விட்டே எறங்கியிருக்க மாட்டீங்க."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஞானசௌந்தரி அழுதாள். சிரிப்பு அடங்கியும் அவள் அழுகை அடங்கவில்லை.

மே

எழுத ஒன்றுமில்லை. எழுந்திருக்கிறோம், படுக்கிறோம்.

ஜூன் 13, ஞாயிறு

ஞானசௌந்தரிக்கும் தூத்துக்குடிப் பையன் ஒருவனுக்கும் ஓலை வாசித்தார்கள். ஐயர் கேட்கும்போது வேதமாணிக்கம் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான், நான் எழுந்துவிடுவேன் என்று. எழவில்லை. களைப்பாக இருக்கிறது.

வீட்டு ஜெபத்தில் கப்பல் துரைக்காகவும் வேண்டினான். ஆமென் சொன்னேன். சொல்லிவிட்டு அடித்த மனிதர்.

அடுத்து ஒரு பெயர் சொன்னான். அந்தப் பெயருக்கு நான் ஆமென் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். மாசிலாமணி.